செவிலி கண்ட மஞ்சள் முக்கோணம்

இங்கிலாந்தின் தென்கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்குச் சற்று வடக்கில், எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் ராச்ஃபோர்டு என்றோர் ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், அவ்வூர்ப் பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவை மருத்துவர்கள் வழக்கம்போல் சுற்றிப் பார்த்து வந்தனர். அப்பிரிவின் பொறுப்பில் இருந்த செவிலி, தயங்கியபடியே ஒரு குழந்தையின் உடையை அகற்றி அவர்களிடம் காட்டினார். குழந்தையின் உடல் வெளிர் மஞ்சளாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும், அளவுகோல் வைத்து வரைந்தாற்போன்ற ஓரங்களுடன், ஒரு முக்கோணம் அடர்ந்த மஞ்சளாகத் தெரிந்தது.

அயோடினோ வேறு மஞ்சள் மருந்தோ தடவப்பட்டதா என்று மருத்துவர்களுள் ஒருவர் கேட்டார். இல்லை, வெயிலால் நேர்ந்திருக்கலாம் என்றார் செவிலி. வெயிலில் தோல் நிறம் மாறுவதற்குப் பல நாட்கள் ஆகுமே என்று மருத்துவர் மறுத்தார். செவிலிக்கு மேலும் கூச்சமாகிவிட்டது. ஆயினும் தாம் கண்டதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தைக்கு ஏற்கெனவே காமாலை இருந்தது. வெளியில் கிடத்தியிருந்தபோது துணியின் மூலை ஒன்று அந்த இடத்தை மறைத்துக் கிடந்தது. முக்கோணம் புதிதாகத் தோன்றவில்லை, மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது என்று விளக்கினார்.

இந்த விளக்கத்தைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நின்றவர்கள் அனைவரும் பார்த்தது ஒரே குழந்தையைத்தான். மருத்துவர் அதில் ஒரு கறையைக் கண்டார். ஆகவே, எதைப் பூசினீர்கள் என்று கேட்டார். செவிலி அதில் ஒரு நிழலைக் கண்டார். கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் மாணவர்களிடம் ஓயாமல் வற்புறுத்தும் ஒன்று, எந்தச் சோதனையிலும் ஒரு பகுதியை மாற்றாமல் அப்படியே விட்டுவைத்து மற்றதை அதனோடு ஒப்பிட வேண்டும் என்பது. விலகிக் கிடந்த துணி மூலை அந்த வேலையைத் தற்செயலாகச் செய்துவிட்டது. ஆனால், அது ஒப்பீடுதான் என்று கண்டுகொள்ள, நேற்று அந்தக் குழந்தை எந்த நிறத்தில் இருந்தது என்பதை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. மருத்துவர் வந்து போகிறவர். நாள்தோறும் குழந்தையைத் துடைத்து, உடை மாற்றி, பாலூட்டி, எடை பார்க்கிறவர் செவிலி.

அவர் பெயர் ஜே. வார்டு. மருத்துவமனையார் அவரைச் சிஸ்டர் வார்டு என்று அழைத்தனர். நம் வாசகர்களுக்கு இது இரட்டைக் குழப்பமாகத் தோன்றலாம். வார்டு என்பது இங்கே குடும்பப் பெயர். சிஸ்டர் என்பது கன்னிமாடத்தைச் சேர்ந்தவர் என்ற பொருளில் வருவதன்று. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பான மூத்த செவிலியின் பதவிப் பெயர்.

சிஸ்டர் வார்டுக்கு நல்ல காற்றிலும் வெயிலிலும் மிகுந்த நம்பிக்கை. இதமான வெயில் அடிக்கும் நாட்களில் தம் பொறுப்பில் இருந்த மென்மையான குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் கிடத்திவிட்டு, மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிடுவார். குறைமாதக் குழந்தையை அடைகாக்கும் பெட்டியின் வெப்பத்தில் வைத்து, இயன்ற அளவு தொடாமல் காப்பதே அந்நாளைய வழக்கம். வெளியே எடுத்துச் செல்வது துணிச்சலான செயல் என்றே சொல்ல வேண்டும்.

அன்று பேச்சு அத்துடன் நின்றது. குழந்தை தேறி வீட்டுக்குப் போயிற்று. மருத்துவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டனர்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

முக்கோணத்தின் முக்கியத்துவம் விளங்க வேண்டுமானால், பிறந்த குழந்தைக்கு ஏன் காமாலை வருகிறது என்பதை அறிய வேண்டும். நம் இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அழியும்போது அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து, பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினிலிருந்து ஏறத்தாழ 35 மில்லிகிராம் பிலிரூபின் பிறக்கும். பிலிரூபின் நீரில் கரையாது. கல்லீரல் அதனுடன் வேறொரு பொருளை இணைத்துக் கரையத்தக்கதாக்கிப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் நிறம் இதனால் வருவதே.

கருவில் இருக்கும்வரை இந்த வேலையைத் தாயின் உடல் செய்துவிடும். தொப்புள்கொடி அறுந்த நொடியிலிருந்து குழந்தை தானே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் சிவப்பணுக்களோ எண்ணிக்கையில் அதிகம், ஆயுளில் குறைவு. அதனால் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைப்போல் இரு மடங்குக்கு மேல் பிலிரூபின் உண்டாகிறது. அதை மாற்ற வேண்டிய கல்லீரல் நொதியம் இன்னும் முதிரவில்லை. வரவு இரட்டிப்பு, செலவுக்கு வழியில்லை. ஆகவே, நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கும் முதல் வாரத்தில் தோல் மஞ்சளாகிறது. பெரும்பாலோருக்கு அது தானாக மறைந்துவிடும்.

சிலருக்கு மறையாது; ஏறிக்கொண்டே போகும். தாய்க்கும் சேய்க்கும் இரத்த வகை ஒவ்வாதபோது சிவப்பணுக்கள் கூட்டமாக அழிவதும் உண்டு. இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் பிலிரூபினைப் பற்றிக்கொண்டு சுமக்கிறது. அதன் சக்திக்கு மிஞ்சினால், மிச்சம் மூளைக்குள் நுழைந்து அதன் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களில் படிகிறது. இறந்த குழந்தைகளின் மூளையில் இந்த மஞ்சள் படிவை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர்கள் கண்டிருந்தனர். தப்பிப் பிழைத்த குழந்தைகளுக்குச் செவிடும், கட்டுக்கடங்காத கைகால் அசைவும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். ஒரு முறை நேர்ந்த கேட்டைத் திருப்ப மருந்தில்லை.

1940களில் ஒரே ஒரு வழி வந்தது. குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதே அளவுக்கு வேறு இரத்தத்தை உள்ளே செலுத்துவது. தொப்புள் சிரையில் நுழைத்த மெல்லிய குழாய் வழியே இது மணிக்கணக்கில் நடக்கும். உடலிலுள்ள இரத்தத்தைப்போல் இரு மடங்கு மாற்ற வேண்டும். பல குழந்தைகளை இது காப்பாற்றியது. ஆனால், இதிலேயே உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு இதைச் செய்வது எத்தகைய காரியம் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

சன்னலோரச் சோதனைக் குழாய்

முக்கோணத்தைக் கண்ட சில வாரங்களில் அதே மருத்துவமனையில் மற்றொன்று நடந்தது. கடுமையான காமாலையுள்ள ஒரு குழந்தையின் இரத்தம் ஆய்வகத்துக்குப் போயிற்று. திரும்பி வந்த பிலிரூபின் அளவு, குழந்தையின் நிறத்துக்குச் சிறிதும் பொருந்தாதபடி குறைவாக இருந்தது. ஆய்வகத்தில் பிழையா என்று விசாரித்தபோது, இரத்தக் குழாய் நெடுநேரம் சன்னலோரம் வெயிலில் கிடந்தது தெரிய வந்தது.

அப்போதுதான் சிஸ்டர் வார்டு சொன்னது மருத்துவர்களின் நினைவுக்கு வந்தது. குழாயிலும் மஞ்சள் வெளுக்கிறது, குழந்தையின் தோலிலும் வெளுக்கிறது. எனில் இரண்டும் ஒரே செயலாக ஏன் இருக்கக்கூடாது? ரிச்சர்டு கிரீமர் என்னும் இளம் மருத்துவர், உயிர்வேதியியலாளர் பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆராயத் தொடங்கினார். இரத்தத் தெளிநீரை ஒளியில் வைத்து அளந்தனர். குழந்தைகளை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றிக் கிடத்தி அளந்தனர். இங்கிலாந்தின் வெயிலை நம்பிச் சிகிச்சை நடத்த முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே நீல ஒளி தரும் குழல் விளக்குகளை வளைந்த எதிரொளிப்பானில் பொருத்தித் தொட்டிலுக்கு மேலே நிறுத்தினர். 1958 மே மாதம் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இவ்வாய்வு வெளிவந்தது.

கட்டுரையின் ஆசிரியர்களாக அம்மூவரின் பெயர்களே இருந்தன. சிஸ்டர் வார்டின் பெயர் அவற்றுள் இல்லை. செவிலியர் கட்டுரை எழுதுவது அந்நாளில் வழக்கமன்று என்று சமாதானம் கூறலாம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: முக்கோணத்தின் கதை நமக்குத் தெரிந்திருப்பதே, மருத்துவர் டாப்ஸும் கிரீமரும் 1975இல் அதை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்ததால்தான். தங்கள் தரப்பில் கேட்கப்பட்ட அயோடின் கேள்வியையும் அவர்கள் மறைக்கவில்லை.

கட்டுரை வெளிவந்ததும் உலகம் விழித்துக்கொண்டதா என்றால், இல்லை. இத்தாலியிலும் தென் அமெரிக்காவிலும் சில மருத்துவமனைகள் நீல விளக்கை ஏற்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பொருட்படுத்துவாரில்லை. விளக்கு வெளிச்சத்தால் நோய் தீரும் என்பதை நம்ப மனம் ஒப்பவில்லை. ஒளியால் சிதைந்த பிலிரூபினே நஞ்சாக மாறினால் என்ன செய்வது என்ற நேர்மையான அச்சமும் இருந்தது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டு லூசி, குறைமாதக் குழந்தைகள் 111 பேரை இரு பிரிவாக்கி முறைப்படி ஒப்பிட்டு, 1968இல் முடிவை வெளியிட்டார். அதன்பின் ஐயம் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை குழந்தைகளுக்கு இரத்தம் மாற்றப்பட்டிருக்கும்!

நீலம் ஏன்?

இனி என் பாடத்திற்கு வருகிறேன். ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், தன்மேல் விழும் வெள்ளொளியில் நீலத்தை அது விழுங்கிவிடுகிறது என்று பொருள். விழுங்கப்படும் ஒளி மட்டுமே வேதிமாற்றம் செய்ய முடியும். கிரோத்தஸ் என்பவர் 1817இலேயே இதை எடுத்துரைத்தார். அல்புமினோடு ஒட்டிய பிலிரூபின் மிகுதியாக விழுங்குவது 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியை. ஆகவே, பிலிரூபினைத் தாக்கும் நிறம் எது என்பதை அதன் மஞ்சளே காட்டிக்கொடுத்துவிடுகிறது. புற ஊதாக் கதிருக்கு இதில் வேலையே இல்லை. நீல விளக்கைப் பார்த்துப் புற ஊதா விளக்கு என்று பலர் அஞ்சுவது தேவையற்றது.

460 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். இந்தச் சிறு அடி பிலிரூபின் மூலக்கூறை என்ன செய்கிறது? தொடக்கத்தில், ஒளி பிலிரூபினை ஆக்சிஜனேற்றம் செய்து துண்டுதுண்டாக்குகிறது என்றே எண்ணினர். அப்படி ஆவது சிறிதளவே. உண்மை வேறு, அது இன்னும் அழகானது.

1976இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிலிரூபின் படிகத்தின் அமைப்பு கண்டறியப்பட்டது. பாதி திறந்த புத்தகம்போல மூலக்கூறு நடுவில் மடிந்திருக்கிறது. நீரோடு உறவாடக்கூடிய அதன் அமிலத் தொகுதிகள் இரண்டும் உட்புறமாகத் திரும்பி, ஆறு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கின்றன. நீருக்குக் காட்ட வேண்டிய முகத்தை உள்ளே மறைத்துக்கொண்டிருப்பதால்தான் பிலிரூபின் கரைவதில்லை. நீல ஃபோட்டான் ஒன்று விழுந்ததும் ஓர் இரட்டைப் பிணைப்பில் மூலக்கூறின் ஒரு முனை திருகிக்கொள்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டுகள் அவிழ்கின்றன. அணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை. எதுவும் உடையவும் இல்லை. ஆனால், வடிவம் மாறிய இந்தப் பிலிரூபின் கல்லீரலின் முதிராத நொதியத்துக்காகக் காத்திராமல் நேரே பித்தநீருக்குள் போய்விடுகிறது. மற்றொரு வகை மாற்றத்தில் லூமிரூபின் என்ற பொருள் மெதுவாக உண்டாகிறது. பழைய வடிவுக்குத் திரும்பாத அது பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும். மெக்டோனாவும் லைட்னரும் 1970களிலும் 80களிலும் இவற்றைத் தெளிவாக்கினர். விளக்கின் கீழ் கிடக்கும் குழந்தை பச்சையாகவும் இளகியும் மலம் கழிப்பதைச் செவிலியர் அதற்கு முன்பே குறித்துவைத்திருந்தனர். காரணம் பின்னால்தான் தெரிந்தது.

நீல ஒளி தோலுக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்த மெல்லிய அடுக்கில் படிந்திருக்கும் பிலிரூபினும், அங்குள்ள நுண்குழாய்களில் ஓடிவரும் இரத்தமும்தான் ஒளியைச் சந்திக்கின்றன. துணி மூடிய இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் வேறுபாடு தெரிந்தது இதனால்தான்.

விளக்கின் கீழே

விளக்கு வந்ததும் வேலை விளக்குடையது ஆகிவிடவில்லை. செவிலியின் வேலை கூடிற்று. குழந்தையின் உடலில் இடுப்புத்துணி மட்டுமே இருக்க வேண்டும். எவ்வளவு தோல் ஒளியில் படுகிறதோ அவ்வளவு பயன். கண்களை மூடியிட்டு மறைக்க வேண்டும். அது நழுவி மூக்கை அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். குழல் விளக்கின் வெப்பத்தால் உடல் சூடாகலாம், நீர் வற்றலாம். துணியின்றிக் கிடப்பதால் குளிரவும் செய்யலாம். ஆகவே, வெப்பநிலையும் எடையும் எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பதும் ஏட்டில் ஏற வேண்டும்.

விளக்கின் தொலைவும் முக்கியம். சற்றே உயர்த்திவிட்டால் ஒளிச்செறிவு குறையும். தீவிரச் சிகிச்சைக்கு, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒவ்வொரு நானோமீட்டர் அலைநீள இடைவெளிக்கும் 30 மைக்ரோவாட்டாவது விழ வேண்டும் என்பது கணக்கு. பழைய குழல் விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகவே எரியும்; அதன் நீலச் செறிவு மட்டும் எரிந்த மணிகளுக்கு ஏற்பத் தேய்ந்துபோகும். அளக்கும் கருவி இல்லாத இடங்களில், விளக்கு எத்தனை மணி எரிந்தது என்று எழுதிவைப்பதே வழி. நீல வெளிச்சத்தில் நெடுநேரம் வேலை பார்த்த செவிலியருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்ததுண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, அந்த வெளிச்சத்தில் குழந்தையின் உண்மை நிறம் தெரியாது என்பது. மூச்சுத் திணறி நீலம் பாய்ந்தாலும் கண்ணுக்குப் படாது. விளக்கை அணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

விளக்குக்கு அனுப்பும் முன்னரும் முதலில் வேலை செய்வது செவிலியின் கண்ணும் விரலும்தான். காமாலை முகத்தில் தொடங்கிக் கால் நோக்கி இறங்குவது. 1969இல் கிரேமர் என்னும் மற்றொரு மருத்துவர் இதை முறைப்படுத்தினார். விரலால் தோலை மெல்ல அழுத்தி எடுத்தால் இரத்தச் சிவப்பு விலகி அடியிலுள்ள மஞ்சள் தெரியும். ஆனால், நம்மைப் போன்ற மாநிறத்தவரின் குழந்தைகளிடம் இந்தக் கணிப்பு எளிதில் ஏமாற்றும். கண்ணின் வெண்மையையும் ஈறுகளையும் பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் இரத்தத்தை அளப்பதே சரி. குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கீச்சுக் குரலில் அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

தாயின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பெற்று இரண்டு நாளான பிள்ளை, கண் கட்டப்பட்டு நீல வெளிச்சத்தில் கிடப்பதைக் கண்டு கலங்காத தாய் இருக்க முடியாது. அவரிடம் விளக்கிச் சொல்வதும் செவிலியின் பொறுப்பே. அடிக்கடி பாலூட்டினால் குடல் இயங்கிப் பிலிரூபின் விரைவாக வெளியேறும். ஆகவே, பால் கொடுக்கும் நேரத்தில் குழந்தையை எடுத்து, கண்கட்டை அவிழ்த்து, தாயின் மடியில் கொடுப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவு நேர இடைவெளியால் சிகிச்சை கெட்டுவிடாது.

ஒளி பட்ட தோல் வெளுத்துவிடுவதால், சிகிச்சை நடக்கும்போது தோலைப் பார்த்து எவ்வளவு தேறியது என்று சொல்ல முடியாது. தோலின் மேல் வைத்து அளக்கும் கருவியும் ஏமாறும். இதற்காகச் சில மருத்துவமனைகளில் குழந்தையின் நெற்றியில் ஒளி புகாத ஒரு சிறு துண்டை ஒட்டிவிட்டு, அதை நீக்கி அந்த மறைந்த தோலில் மட்டும் அளக்கிறார்கள். சிஸ்டர் வார்டின் துணி மூலை செய்த வேலையை இப்போது வேண்டுமென்றே செய்விக்கிறார்கள்.

1993இல் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல ஒளியுமிழ் டையோடை அறிவித்தார். அக்கசாகி, அமானோ ஆகியோருடன் 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தை மட்டும் கொடுத்து, குழந்தையை அதிகம் சூடாக்காமல், பல ஆயிரம் மணி மங்காமல் எரியும் விளக்குகள் அதனால் பிள்ளைப் பிரிவுகளுக்கு வந்துசேர்ந்தன. இரத்தம் மாற்றும் சிகிச்சை அரிதாகிவிட்டது.

பிறந்த குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டிமார் சொல்வது சரிதானே என்று இக்கட்டுரையைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். வெயிலில் நீலம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால், அதோடு புற ஊதாவும் அகச் சிவப்பும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று தோலைச் சுடும், மற்றொன்று உடலைச் சூடாக்கும். பத்து நிமிட இளவெயில் கடுமையான காமாலையைத் தீர்க்காது. தீர்க்கும் என்று நம்பி மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

வெயிலையே முறைப்படி வடிகட்டிப் பயன்படுத்த முடியுமா என்று நைஜீரியாவில் சோதித்திருக்கிறார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் நீல விளக்கை நம்பி இருக்க முடியாது அல்லவா? லாகோஸ் நகரில், புற ஊதாவையும் அகச் சிவப்பின் பெரும்பகுதியையும் தடுத்து நீலத்தை விடும் மெல்லிய படலங்களால் பந்தல் அமைத்து, காமாலையுள்ள குழந்தைகளை அதன் கீழ்க் கிடத்தினர். டினா ஸ்லஷர் தலைமையில் 447 குழந்தைகளிடம் நடந்த அந்த ஒப்பீட்டின் முடிவு 2015இல் வெளிவந்தது. மதிப்பிட முடிந்த சிகிச்சை நாட்களில், வடிகட்டிய வெயில் நூற்றுக்கு 93 நாட்களிலும், விளக்கு நூற்றுக்கு 90 நாட்களிலும் பயன் தந்தன. பந்தலுக்கு அருகிலேயே செவிலியர் இருந்து, குழந்தைகளின் உடல் வெப்பத்தை அடிக்கடி அளந்து, சூடு ஏறியவர்களை நிழலுக்கு எடுத்துச் சென்றனர்.